தக்ஷாய் மலையில் கொஞ்சம் அயர்லாந்து

டெல்லியில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட்டை அறிமுகம் செய்தால் அடிக்க வருவீங்க. முருங்கைக்காய், சின்ன வெங்காயம், நேந்திரங்காய், வஞ்சிரம், கொத்தாக் கறிவேப்பிலை... ஊரில் கிடைப்பதெல்லாம் இங்கேயும் கிடைக்கும், விலை மட்டும் ஊர் விலை இல்லை. இந்தப் பக்கம் மெட்ரோ ஸ்டேஷன், எதிரே தில்லி ஹாட், நடுவில் நம்ம ஜனங்க பையைத் தூக்கிக்கொண்டு பேரம் பேசிக்கொண்டிருப்பாங்க.

போன வருஷம் மார்ச் மாசம் எங்க எதிர் ஃபிளாட்டு சேச்சியோட அங்கே போயிருந்தேன். சேச்சி நர்ஸ். குடும்பத்தோட அயர்லாந்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாங்க. கொடம்புளி, பப்படம், வறுத்த அரிசி மாவு என்று பெட்டியை நிரப்ப ஒரு பெரிய லிஸ்ட். "நீயும் லீவுலதானே இருக்கே, வந்துடு. ஒரு காரை எடுத்துக்கிட்டு பத்து நாள் கிராமம் கிராமமா சுத்தலாம். பச்சைப் புல்லு, ஆடு, மழை, வேற ஒண்ணும் கிடையாது" என்றாங்க.

லீவு உண்மைதான். வங்கியில் சபாட்டிகல் என்று சம்பளமில்லாத நீண்ட விடுப்பு ஒன்று உண்டு. பொண்ணு பன்னிரண்டாம் வகுப்பு என்பதால் ஆறு மாசம் எடுத்திருந்தேன். பரீட்சை முடிந்தது, விடுப்பு முடியவில்லை. ஆசை வந்துவிட்டது. ஆனால் பி.காம். படித்த புத்தி சும்மா இருக்குமா? மூணு டிக்கெட், மூணு விசா, வாடகைக் கார், யூரோ விலை எல்லாம் பேப்பரில் கூட்டிப் பார்த்தேன். சம்பளம் வராத மாசத்தில் பார்க்கவேண்டிய தொகை இல்லை அது. பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

ஆசை மட்டும் மடங்கவில்லை. வீட்டில் இருந்த நேரத்தில் அயர்லாந்து பற்றிப் படிக்கப் படிக்க ஒரு விஷயம் தட்டுப்பட்டது. 1920-இல் அயர்லாந்தின் மூவர்ணக் கொடி நம்ம ஜலந்தரிலும் சோலனிலும் பறந்திருக்கிறது! ஏற்றியவர்கள் பிரிட்டிஷ் ராணுவச் சிப்பாய்கள். அதற்காக ஒருத்தர் தக்ஷாய் ஜெயிலில் சுட்டுக் கொல்லப்பட்டிருக்கிறார். டெல்லியில் இருந்து ஒரு நாள் கார்ப் பயணத்தில் இருக்கிற இடங்கள். இருபது வருஷமாக வட இந்தியாவில் இருக்கிறோம், சிம்லாவுக்கு நாலு முறை போயிருக்கிறோம், தக்ஷாய் திருப்பத்தைத் தாண்டித்தான் ஒவ்வொரு முறையும் போயிருக்கிறோம்.

"அயர்லாந்துக்கு டிக்கெட் வேண்டாம், கார்லயே போகலாம்" என்றேன். ரங்கமணி ஒரு மாதிரியாகப் பார்த்தார். அப்புறம் டயருக்குக் காற்று பிடித்துக்கொண்டு வந்தார்.

ஏப்ரல் மாசம், ஆறு நாள். அவசரமே இல்லாத பயணம். டெல்லி, ஜலந்தர், ரூப்நகர் வழியாகக் கால்கா, சோலன், தக்ஷாய். முதல் நாள் மூர்த்தலில் பரோட்டா (வெண்ணெய் கட்டி தோசைக்கல் அளவு!), கர்னால் பக்கம் மொகலாயர் காலத்துக் கோஸ் மினார், ரெண்டு பக்கமும் அறுவடைக்குக் காத்திருக்கும் கோதுமை. சேச்சி சொன்ன பச்சை இல்லை, நல்ல பொன் நிறம்.

வழியிலேயே ஒரு ஐரிஷ்காரர் கதை சொல்லிவிடுகிறேன். ஜார்ஜ் தாமஸ் என்று ஒருத்தர். அயர்லாந்தின் டிப்பரரி பகுதி, ஏழைக் குடும்பம். கப்பலில் வந்து 1780-களின் தொடக்கத்தில் மெட்ராசில் கப்பலை விட்டு ஓடிப்போனவர். கொஞ்ச காலம் தெற்கே பாளையக்காரர்களிடம் வேலை பார்த்திருக்கிறார். அப்புறம் வடக்கே வந்து பேகம் சம்ரு படையில் சேர்ந்தார். கடைசியில் ஹரியானாவில் ஹான்சியைத் தலைநகராக வைத்துச் சொந்தமாகவே ஒரு ராஜ்யம் நடத்தினார், நாணயம்கூட அடித்தார். 1801-இல் தோற்று, 1802-இல் கல்கத்தா பக்கம் போகும் வழியில் இறந்தார். ஜார்ஜ் என்ற பேர் ஜனங்க வாயில் 'ஜஹாஜ்' ஆகி, ஜஹாஜ்கட் என்ற ஊர்ப் பெயராக இன்னும் இருக்கிறது. மெட்ராசில் இருந்து டெல்லிப் பக்கம் பிழைக்க வந்தவர்களில் நமக்கெல்லாம் சீனியர். ஹான்சி எங்க வழியில் இல்லாததால் கையைக் காட்டிவிட்டு நேரே போய்விட்டோம்.

ஜலந்தர் கன்டோன்மென்ட் இன்றும் ராணுவ இடம். நினைத்த இடத்தில் காரை நிறுத்திப் படம் எடுக்க முடியாது. பொது ரோட்டில் மெதுவாக ஒரு சுற்று வந்தோம். பெரிய மரங்கள், பழைய பங்களாக்கள், சுத்தமான ரோடு. அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரிவது. ஆனால் இந்த ஊரின் கதையை 1919-இல் இருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஜாலியன்வாலா பாகில் சுடச் சொன்ன டயர், அப்போது ஜலந்தர் பிரிகேடின் தளபதி. இங்கிருந்துதான் அமிர்தசரசுக்குப் போனார். 1919 ஏப்ரல் 13. அரசுக் கணக்கிலேயே 379 சாவு. அவர் பிறந்தது முர்ரீயில், படித்தது சிம்லாவிலும் அயர்லாந்தின் கார்க் பகுதியிலும். அவர் செய்தது சரி என்று தூக்கிப் பிடித்த பஞ்சாப் லெப்டினன்ட் கவர்னர் மைக்கேல் ஓ'ட்வையர் அசல் டிப்பரரிக்காரர். 1940-இல் லண்டனில் உத்தம் சிங் சுட்டாரே, அவரேதான். அயர்லாந்தும் அடிமைப்பட்ட நாடு, அதனால் ஐரிஷ்காரர் எல்லாம் நம்ம பக்கம் என்று எளிமையாக எழுதிவிட்டுப் போக முடியாது. பிரிட்டிஷ் ராஜ்யத்தின் லத்தியைப் பிடித்த கைகளில் ஐரிஷ் கை நிறைய உண்டு. ஊரில் வேலை இல்லை, ராணுவத்தில் சேர்ந்தால் சாப்பாடும் சம்பளமும். நம்ம ஊர்ப் பையன்களும் அதே காரணத்துக்குத்தான் அதே ராணுவத்தில் சேர்ந்தார்கள்.

அப்படிச் சேர்ந்தவர்களின் படைதான் கன்னாட் ரேஞ்சர்ஸ். அயர்லாந்தின் மேற்குப் பகுதியான கன்னாட் பேரில், 1793-இல் தொடங்கியது. முதல் உலகப்போரில் நிறைய ஆட்களைப் பறிகொடுத்துவிட்டு, அதன் முதல் பட்டாலியன் 1920-இல் பஞ்சாபில் இருந்தது. பெரும்பகுதி ஜலந்தரில், ஒரு கம்பெனி சோலன் மலையில், இன்னொரு பிரிவு ஜுதோக்கில்.

அதே நேரம் அயர்லாந்தில் விடுதலைப்போர். 1920 மார்ச்சில் இருந்து 'பிளாக் அண்ட் டான்ஸ்' என்ற கூலிப் போலீஸ் படையை லண்டன் அங்கே இறக்கியது. வீடு கொளுத்தினார்கள், ஆட்களைத் தெருவில் போட்டு அடித்தார்கள். அந்தச் செய்திகள் கடிதங்களாக இங்கே வந்தன. ஜோ ஹாஸ் என்ற சிப்பாய் 1919-இல் விடுப்பில் ஊருக்குப் போனபோது, கிளேர் பகுதியில் ஒரு ஹர்லிங் மேட்ச்சை (நம்ம கபடி மாதிரி அவங்க மண்ணின் ஆட்டம்) பிரிட்டிஷ் சிப்பாய்கள் துப்பாக்கி முனைக் கத்தியோடு வந்து தடுத்ததைப் பார்த்துவிட்டு வந்தவர். தன் ஊரில் தன் ஜனத்துக்கு எதிராக நிற்பது தான் போட்டிருக்கும் அதே யூனிபாரம்.

1920 ஜூன் 28 காலை. ஹாஸும் கூட நாலு பேரும் காவல் அறைக்குப் போனார்கள். அயர்லாந்தில் நடக்கும் அட்டூழியம் நிற்கும் வரை இனி இங்கிலாந்துக்காக வேலை செய்ய மாட்டோம், எங்களை உள்ளே போடுங்கள் என்றார்கள். தாங்களாகவே போய் 'கைது செய்' என்று கேட்ட கலகம்! கொஞ்ச நேரத்தில் இன்னும் பல பேர் சேர்ந்துகொண்டார்கள். கர்னல் வந்து படையின் பழைய பெருமைகளை, கொடியில் பொறித்த போர்களை எல்லாம் உருக்கமாக எடுத்துச் சொன்னாராம். அத்தனையும் இங்கிலாந்துக்காக, அதில் அயர்லாந்துக்காக ஒன்றுகூட இல்லையே என்பதாக ஹாஸ் பதில் சொன்னார். பிரிட்டிஷ் கொடியை இறக்கி ஐரிஷ் மூவர்ணத்தை ஏற்றினார்கள். அதற்குத் துணி ஜலந்தர் பஜாரில் வாங்கியது என்பார்கள். பச்சை, வெள்ளை, ஆரஞ்சு. வாங்கும்போது கடைக்காரர் என்ன நினைத்திருப்பார் என்று ரங்கமணி கேட்டார். நல்ல கேள்வி. இருபத்தேழு வருஷம் கழித்து அதே கடையில் கிட்டத்தட்ட அதே மூணு நிறத்துக்கு எவ்வளவு கிராக்கி இருந்திருக்கும்!

சில சரித்திர ஆசிரியர்கள் இதைப் பற்றி வேறு மாதிரியும் சொல்வதுண்டு. ஜூன் மாசப் பஞ்சாப் வெயில், அந்த வெயிலில் டிரில், நெருக்கடியான பாரக், போர் முடிந்தும் வீட்டுக்கு அனுப்பாத கடுப்பு, இவையும் சேர்ந்துதான் வெடித்தது என்பார்கள். இருக்கலாம். ஏப்ரலிலேயே காருக்குள் ஏ.சி. போட்டும் எங்களுக்கு வியர்த்தது. ஆனால் வெயில் எல்லாப் படைக்கும் பொது. கொடித் துணி வாங்கப் போனது இவர்கள்தான்.

ஜலந்தரில் ரத்தம் சிந்தவில்லை. சீஃபோர்த் ஹைலாண்டர்ஸ், சவுத் வேல்ஸ் பார்டரர்ஸ் என்று வேறு படைகளைக் கொண்டுவந்து இறக்கி, கலகக்காரர்களைத் தனி முகாமில் அடைத்தார்கள். அதற்கு முன்பே ரெண்டு பேர், கெராட்டியும் கெல்லியும், தகவல் சொல்ல சோலனுக்குக் கிளம்பிவிட்டார்கள். போன், வாட்ஸ்அப் எதுவும் இல்லாத காலம். போன இடத்தில் பிடிபட்டும் தகவல் சேர்ந்துவிட்டது.

நாங்களும் மறுநாள் அதே திசையில். ரூப்நகரில் சட்லெஜ் கரையில் வண்டியை நிறுத்தி, கட்டிக்கொண்டு வந்த புளியோதரையைச் சாப்பிட்டோம். கால்கா தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் காற்று மாறியது. பர்வானூவில் இருந்து இப்போது நாலு வழிச் சாலை. மலையை நேராக வெட்டியிருப்பதால் மழைக்காலத்தில் சரிகிறது, 2023 மழையில் பெரிய சேதம். பக்கத்திலேயே 1903-இல் வந்த கால்கா–சிம்லா பொம்மை ரயில் வளைந்து வளைந்து போகிறது. நாங்கள் ரயிலை முந்த, ஒவ்வொரு டீக்கடை நிறுத்தத்திலும் அது எங்களை முந்த, பொண்ணுக்கு அன்று முழுக்க அதுதான் விளையாட்டு.

சோலன் இன்று நெரிசலான ஊர். தக்காளி, காளான், மால், டிராஃபிக். ரயில் பாதையில் 'சோலன் ப்ரூவரி' என்றே ஒரு ஸ்டேஷன் உண்டு. அந்த மதுபான ஆலையின் பூர்வீகம் கசௌலியில் எட்வர்ட் டயர் என்பவர் தொடங்கியது. யார் என்று பார்த்தால், ஜாலியன்வாலா பாக் டயரின் அப்பா! இந்த மலையில் எந்தக் கல்லைப் புரட்டினாலும் அடியில் பழைய ஆள் யாராவது உட்கார்ந்திருக்கிறார்கள்.

சோலனில் தலைமை ஏற்றவர் ஜேம்ஸ் டேலி. இருபது வயசைத் தொட்ட பையன். அயர்லாந்தின் நடுவில், வெஸ்ட்மீத் பகுதியில், டைரல்ஸ்பாஸ் என்ற ஊர். டப்ளினில் இருந்து கால்வே போகும் பழைய ரோட்டில், பிறை வடிவத்தில் புல்வெளியும் அதைச் சுற்றி வீடுகளுமாக இருக்கும் சின்ன ஊர். சேச்சி சொன்ன பத்து நாள் பயணம் போயிருந்தால் அங்கேயும் ஒரு டீ குடித்திருப்போம்.

ஜூன் 30-இல் டேலி ஆட்களைச் சேர்த்துக்கொண்டு போய் அதிகாரியிடம் அதையே சொன்னார். ஒரு கட்டிடத்தைப் பிடித்துக் கொடி ஏற்றி, டப்ளின் தொழிற்சங்கக் கட்டிடத்தின் பேரான 'லிபர்ட்டி ஹால்' என்று பேரும் வைத்தார்கள். ஆயுதங்களைத் திருப்பிக் கொடுக்க வைத்தவர் அங்கிருந்த கத்தோலிக்கப் பாதிரியார் பேக்கர். அதோடு நின்றிருந்தால் சோலனும் ஜலந்தர் மாதிரியே முடிந்திருக்கும். ஜூலை 1 இரவு என்ன தோன்றியதோ, டேலியும் சுமார் முப்பது பேரும் வெறும் கத்திகளோடு ஆயுதக் கிடங்கைப் பிடிக்கக் கிளம்பினார்கள். காவலில் இருந்தவர்களிடம் துப்பாக்கி. ரெண்டு பேர் செத்தார்கள். பேட்ரிக் ஸ்மித், பீட்டர் சியர்ஸ். இதில் சியர்ஸ் கலகத்திலேயே இல்லை, பாரக்குக்குத் திரும்பிக்கொண்டிருந்த வழியில் குண்டு பட்டது என்கிறார்கள். எந்த ஊர்க் கலவரமாக இருந்தாலும் இப்படி ஒருத்தர் சிக்கிக்கொள்கிறார்.

பிடித்தவர்களைக் கொண்டுபோன இடம்தான் தக்ஷாய் ஜெயில்.

சோலனுக்கு முன்பாகக் குமார்ஹட்டி பக்கம் மெயின் ரோட்டை விட்டுப் பிரிந்து மேலே ஏறவேண்டும். 5,600 அடிக்கு மேல் உயரம், பைன் மரங்கள், ரொம்ப அமைதியான சின்னக் கன்டோன்மென்ட். 1847-இல் பட்டியாலா மகாராஜாவிடம் ஐந்து கிராமங்களை வாங்கிக் கம்பெனிக்காரர்கள் அமைத்தது. மொகலாயர் காலத்தில் குற்றவாளிகளின் நெற்றியில் 'தாக்-இ-ஷாஹி' என்ற ராஜ முத்திரைச் சூடு போட்டு இங்கே துரத்தினார்கள், அதுதான் தக்ஷாய் ஆயிற்று என்று ஊரில் சொல்கிறார்கள். ஊர்ப்பெயர்க் கதைகளை நான் அவ்வளவு நம்புவதில்லை, கேட்க நன்றாக இருக்கும்.

ஜெயில் 1849-இல் கட்டியது. கருங்கல், 54 அறைகள். 2011-இல் இருந்து அருங்காட்சியகம். நடு வராந்தாவில் இருந்து பார்த்தால் ரெண்டு பக்கமும் வரிசையாக இரும்புக் கதவுகள். மேல் கூரை ரொம்ப உயரம், ஜன்னல் என்ற பேரில் மேலே ஒரு சின்ன ஓட்டை. தனிமைச் சிறை அறைகளில் அதுவும் இல்லை. கதவைச் சாத்தினால் பகலிலேயே இருட்டு. பொண்ணு ஒரு அறைக்குள் போய் நின்று, "கதவைச் சாத்துப்பா" என்றாள். சாத்தினார். பத்து எண்ணுவதற்குள் "போதும் போதும்". காந்தி வந்து ஒரு நாள் தங்கினார் என்று ஒரு அறையைக் காட்டுகிறார்கள், ராட்டையும் படமும் வைத்திருக்கிறார்கள். அந்த அறையில் எல்லாரும் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். டேலியின் பெயர் எழுதிய பக்கம் எங்களைத் தவிர யாரும் இல்லை.

ராணுவ நீதிமன்றம் பல பேருக்கு மரண தண்டனை விதித்தது. மற்ற எல்லாருக்கும் அது சிறைத் தண்டனையாகக் குறைந்தது. டேலிக்குக் குறையவில்லை. ஆயுதக் கிடங்கைத் தாக்கியதற்குத் தலைமை தாங்கியவர், உயிர்ப்பலி ஆன இடம். அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். வீர வசனம் மட்டும் உள்ள கடிதம் இல்லை அது. அயர்லாந்துக்காகத்தானே, சாவதற்குப் பயமில்லை என்கிறார். உன்னை நினைத்தால்தான் கஷ்டமாக இருக்கிறது என்கிறார். இதில் இறங்காமலே இருந்திருக்கலாமோ என்றும் அதிலேயே சொல்கிறார். எனக்கு அந்தக் கடைசி வரிக்காகத்தான் அவரைப் பிடித்தது. 1920 நவம்பர் 2, செவ்வாய்க்கிழமை காலை, ஜெயில் முற்றத்தில் சுட்டார்கள். கலகக் குற்றத்துக்காக பிரிட்டிஷ் ராணுவம் சுட்டுக் கொன்ற கடைசிச் சிப்பாய் அவர் என்கிறார்கள்.

முற்றத்தில் வெயிலில் நின்றபோது பொண்ணு கேட்டாள்: "அம்மா, ஐ.என்.ஏ.காரங்களும் இதையேதானே செஞ்சாங்க? அவங்களை மட்டும் ஏன் சுடலை?"

வாராவாரம் மீனும் முருங்கைக்காயும் வாங்கப் போகிற இடத்தின் மூணு எழுத்து. விரித்தால் இந்திய தேசிய ராணுவம். பக்கத்தில் நேதாஜி நகர், லக்ஷ்மிபாய் நகர். மார்க்கெட்டில் நிற்கும்போது எனக்கு ஒரு நாளும் தோன்றாததை தக்ஷாய் முற்றத்தில் அவள் கேட்டாள்.

குற்றச்சாட்டு கிட்டத்தட்ட ஒன்றேதான். ராஜாவுக்குச் சத்தியம் செய்து யூனிபாரம் போட்டவன், அந்தச் சத்தியத்தை மீறினான். 1945 நவம்பர் 5-ஆம் தேதி செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான் மூவர் மீதும் அரசருக்கு எதிராகப் போர் தொடுத்ததாக வழக்கு. ஒரு முஸ்லிம், ஒரு இந்து, ஒரு சீக்கியர். மூணு பேரையும் ஒன்றாகக் கூண்டில் நிறுத்தியதில் பிரிட்டிஷார் தலையில் அவர்களே மண்ணைப் போட்டுக்கொண்டார்கள், ஊரே ஒன்றாகத் திரண்டது. அடிமை நாட்டுக்காரன் தன் நாட்டுக்காகப் போரிட உரிமை உண்டு, ராஜாவுக்குச் செய்த சத்தியம் அதைத் தடுக்காது என்பது புலாபாய் தேசாய் வைத்த வாதம். ஜோ ஹாஸ் ஜலந்தரில் கர்னலுக்குச் சொன்ன பதிலை வக்கீல் பாஷையில் விரித்தால் இதுதான் வரும். தீர்ப்பு ஆயுள் முழுக்க நாடு கடத்தல். ஆனால் 1946 ஜனவரி 3-இல் தளபதி ஆக்கின்லெக் அந்தத் தண்டனையை ரத்து செய்தார். ராணுவ வேலையும் நிலுவைச் சம்பளமும் மட்டும் போயிற்று (சம்பளத்தைப் பிடித்ததை ஒரு பேங்க்காரி கவனிக்காமல் விடுவாளா!).

1920-க்கும் 1945-க்கும் நடுவில் சட்டம் பெரிதாக மாறவில்லை. வெளியே நின்ற கூட்டம்தான் மாறியது. டேலி சுடப்பட்டபோது ஜெயிலுக்கு வெளியே இருந்தது ஒரு மலையும் பைன் மரங்களும். அவர் ஜனம் கடல் தாண்டி இருந்தது. செங்கோட்டைக்கு வெளியே நின்றது நம்ம ஜனம். பொண்ணுக்கு நான் சொன்ன பதில் இதுதான்.

ஐரிஷ் கதையை நேதாஜி நன்றாகவே அறிந்தவர். 1936-இல் அயர்லாந்து போய் டி வலேராவைச் சந்தித்திருக்கிறார். அவருடைய படையில் மலேயாவின் ரப்பர் தோட்டங்களில் இருந்து போன தமிழர்கள் ஏராளம். ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை மெட்ராஸ் டாக்டர் லக்ஷ்மி சுவாமிநாதன். இவர்களில் பலர் அதற்கு முன்பு ராணுவத்தில் இருந்தவர்களே இல்லை. மீறுவதற்கு அவர்களிடம் சத்தியம் எதுவும் இருக்கவில்லை, தோட்டத்துச் செக்ரோல் புத்தகத்தில் ஒரு பேர் மட்டும் இருந்தது.

கலகத்துக்கு அப்புறம் என்ன ஆனார்கள் என்பதைச் சரித்திரப் புத்தகங்கள் ரெண்டு வரியில் முடித்துவிடும். எனக்கு அதுதான் முக்கியம், வேலை அப்படி. 1922-இல் கன்னாட் ரேஞ்சர்ஸ் படையே கலைக்கப்பட்டது. இங்கிலாந்து ஜெயில்களில் இருந்தவர்கள் 1923 ஜனவரியில் விடுதலை ஆனார்கள். சொந்த நாடு அதற்குள் உள்நாட்டுச் சண்டையில் இருந்தது. பிரிட்டிஷ் பென்ஷன் கிடையாது, ஊரில் வேலையும் கிடைக்கவில்லை. 1936-இல்தான் ஐரிஷ் பாராளுமன்றம் இவர்களுக்கென்று தனியாக ஒரு பென்ஷன் சட்டம் போட்டது. பதின்மூன்று வருஷம்.

நம்ம நாட்டில் சுதந்திரப் போராட்ட தியாகி பென்ஷன் 1972-இல் வந்தது. இருபத்தைந்து வருஷம். ஐ.என்.ஏ.காரர்களும் அதில் சேர்த்தி. ஆனால் ஆறு மாசமாவது சிறையில் இருந்ததற்குச் சான்று வேண்டும், இல்லையென்றால் கூட இருந்த கைதிகள் சான்றிதழ் கொடுக்கவேண்டும். டெல்லிக்கு வருமுன் சிவகங்கைப் பக்கம் ஒரு கிளையில் நான் புது ஆபீசர். நவம்பர் மாசம் ஆயுள் சான்றிதழ் கொடுக்க வரிசையில் வருவார் ஒரு தாத்தா. பினாங்கில் தோட்ட வேலைக்குப் போய், படையில் சேர்ந்து, ரங்கூன் ஜெயிலைப் பார்த்துவிட்டு வந்தவர். சான்றிதழ் கொடுத்த கூட்டாளியைத் தேடிப் பிடிக்கவே பல வருஷம் ஆச்சு என்றார். கூடவே போன தம்பிக்குக் கடைசி வரை கிடைக்கவில்லையாம். தம்பியோட ஜெயிலில் இருந்தவர்கள் யாரும் திரும்பி வரவில்லை, யார் கையெழுத்துப் போடுவார்? கதை கேட்டுக்கொண்டே சீல் போட்டுக் கொடுத்தேன். வரிசை நீளம், அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

வங்கியில் சேரும் அன்று நாங்களும் விசுவாசத்துக்கும் ரகசியக் காப்புக்கும் ஒரு உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவோம். படித்துப் பார்த்துப் போட்டவர்களை நான் கண்டதில்லை. ராணுவத்தில் சேர்ந்த பதினெட்டு வயசுப் பையன் மட்டும் எவ்வளவு படித்திருப்பான்?

ஜெயிலில் இருந்து கல்லறைத் தோட்டம் கொஞ்ச தூரம். மலைச் சரிவு, பாதி எழுத்து அழிந்த கற்கள், கைக்குழந்தைகளின் கல்லறைகள் ஏகப்பட்டவை. டேலியை இங்கேதான் புதைத்திருந்தார்கள். ஐம்பது வருஷம் கழித்து, 1970-இல், தக்ஷாயில் இருந்து டேலியையும், சோலனில் இருந்து ஸ்மித்தையும் சியர்ஸையும் தோண்டி எடுத்து அயர்லாந்துக்குக் கொண்டுபோனார்கள். டேலியை ராணுவ மரியாதையோடு டைரல்ஸ்பாஸில் அடக்கம் செய்தபோது, கூடக் கலகம் செய்து அப்போது உயிரோடு இருந்த கிழவர்கள் வந்து நின்றார்கள். ஜோ ஹாஸும் அதில் ஒருத்தர். அந்த வருஷம் இந்தியாவின் ஜனாதிபதி வி.வி. கிரி. பழைய மெட்ராஸ் ராஜதானியின் பெர்ஹாம்பூரில் பிறந்து, 1913-இல் டப்ளினுக்குச் சட்டம் படிக்கப் போய், அங்கே ஐரிஷ் போராட்டக்காரர்களோடு பழகி, 1916 ஈஸ்டர் எழுச்சிக்கு அப்புறம் வெளியேற்றப்பட்டவர்! கதையில் எழுதினால் 'ரொம்ப ஓவர்' என்று சொல்லிவிடுவார்கள்.

கொண்டுபோன மூன்று பேரில் ஜான் மிராண்டா இல்லை. அவரும் கலகத்தில் சேர்ந்தவர், தக்ஷாய் ஜெயிலிலேயே டைஃபாய்டு வகைக் காய்ச்சலில் செத்தவர். ஆனால் ஐரிஷ்காரர் இல்லை. லிவர்பூல் பக்கத்து இங்கிலீஷ்காரர். அவருக்கு அயர்லாந்தில் ஊரும் இல்லை, கடிதம் எழுத அங்கே அம்மாவும் இல்லை. பாரக்கில் பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து நின்றார்கள் என்பதற்காக இவரும் எழுந்து நின்றவர். அன்று சாயங்காலம் இருட்டும் வரை அந்தச் சரிவில் அவர் பேரைத் தேடினோம். பொண்ணு செல்போன் வெளிச்சத்தில் ஒவ்வொரு கல்லாகத் தடவித் தடவிப் படித்தாள். கிடைக்கவில்லை. காவலாளி விசில் ஊதியதும் இறங்கி வந்தோம்.